எப்படி வந்தது?

எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவர் மருத்துவமனையின் எந்தக் கதவைத் தட்டினாலும், ஒரு கேள்வி அவருக்கு முன்னாலேயே அங்கே வந்து உட்கார்ந்திருக்கும்: எப்படி வந்தது? எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் கேட்பார். அவர் கேட்க வேண்டியவர்தான். துணைவரைப் பரிசோதிக்க வேண்டுமா, பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்ய அவருக்கு அந்தப் பதில் தேவை. மூடிய அறைக்குள் ஒரு முறை கேட்டுப் பதிந்துகொண்டால் அதோடு அந்தத் தேவை முடிந்துவிடும். ஆனால் பல் பிடுங்கப் போன இடத்திலும் கேட்கிறார்கள். ஸ்கேன் எடுக்கும் அறையில் கேட்கிறார்கள். கால் முறிந்து படுத்திருப்பவரின் கேஸ் ஷீட்டைப் புரட்டுகிற பயிற்சி மருத்துவர் கேட்கிறார். வார்டைக் கூட்ட வந்த ஆயாவும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "ஏம்ப்பா, உனக்கு எப்படி வந்துச்சு?" முறிந்த எலும்பைச் சேர்ப்பதற்கு அந்தப் பதில் எந்த வகையிலும் உதவாது.

பதிலுக்கு ஏற்ப முகங்கள் மாறும். "வீட்டுக்காரர் லாரி ஓட்டினார்" என்று ஒரு பெண் சொன்னால் "பாவம்" என்பார்கள். ரத்தம் ஏற்றியபோது வந்தது என்றால் இரக்கம் இன்னும் கூடும். ஓர் ஆண் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தால் ஒரு "ம்..." மட்டும் வரும். பாலியல் தொழில் செய்பவர், திருநங்கை, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண், ஊசியில் போதை மருந்து ஏற்றிக்கொள்பவர் ஆகியோரிடம் பெரும்பாலும் அந்தக் கேள்வியே எழுவதில்லை. பதில் முன்பே தெரிந்துவிட்டதாக அந்த அறையில் இருக்கும் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்படி நினைப்பவர்கள் கொடியவர்கள் அல்லர். அரசு மருத்துவமனைச் செவிலியரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருகிற பதில், "நாங்க யாரையும் பிரிச்சுப் பாக்குறதில்ல, எல்லாரும் எங்களுக்கு ஒண்ணுதான்" என்பதாகவே இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொல்கிறார். பேச்சு கொஞ்சம் நீண்டால் அடுத்தது வரும்: "ஆனா முன்னாடியே சொல்லிட்டா நல்லது. நாங்களும் பிள்ளைகுட்டிக்காரங்கதானே." பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கையுறை, அறுவை சிகிச்சைப் பட்டியலில் கடைசி இடம், கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் ஒரு குறி, வார்டின் கோடியில் கழிப்பறையை ஒட்டிய கட்டில். எல்லாவற்றுக்கும் முன்னெச்சரிக்கை என்று பெயர். எல்லோரும் ஒன்று என்ற நம்பிக்கையும் ஒருவரை மட்டும் கோடிக் கட்டிலுக்கு அனுப்பும் கையும் ஒரே மனிதரிடம் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. அது எப்படி என்று விளங்கிக்கொள்ளாமல் இந்தச் சேவைகளைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்று நினைக்கிறேன்.

பயம் என்பது எளிதாகக் கிடைக்கும் விளக்கம். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி தவறுதலாகச் செவிலியரின் விரலில் குத்திவிட்டால், அவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஒருவருக்கு அதே குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றில் முப்பது வரை போகும். கணக்குப்படி பார்த்தால் எந்தக் கிருமிக்கு அதிகம் அஞ்ச வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஹெபடைடிஸ் உள்ளவரிடம் யாரும் குரலைத் தாழ்த்தி எதையும் விசாரிப்பதில்லை. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நிலை தெரிந்து, தினமும் மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு மிகக் குறைந்துவிட்ட நோயாளியைவிட, பரிசோதனையே செய்துகொள்ளாமல் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரால்தான் மருத்துவருக்கு ஆபத்து அதிகமாக இருக்கக்கூடும். அதனால்தான் எல்லா நோயாளிகளின் ரத்தத்தையும் தொற்றுள்ள ரத்தமாகக் கருதிக் கையாள வேண்டும் என்ற நெறி உலகம் முழுக்க வகுக்கப்பட்டது. கருவிகளைக் கொதிநீராவியில் சுத்திகரிக்கும் முறையும் எல்லோருக்கும் ஒன்றே. அந்த முறை சரியாக நடக்கிற இடத்தில், அறுவைப் பட்டியலில் ஒருவரைக் கடைசியில் வைக்க அறிவியல் காரணம் எதுவும் மிஞ்சுவதில்லை.

மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். இரவுப் பணியில் ஒரு வார்டு முழுவதற்கும் ஒரே செவிலியர் ஓடிக்கொண்டிருக்கையில், சரியான அளவுக் கையுறை தீர்ந்துபோயிருக்கும்போது, ஊசிகள் போடும் பெட்டி விளிம்புவரை நிரம்பி யாரும் மாற்றாமல் கிடக்கும்போது, ஏட்டில் உள்ள நெறியை நம்பி அவர் எப்படித் துணிவார்? 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் நோயாளிகளுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. தொற்றுக்கு ஆளாகும் அபாயமுள்ள ஊழியர்களுக்குப் பாதுகாப்புப் பொருள்களும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும், ஊசிக்குத்துப் பட்டால் தடுப்பு மருந்தும் தர வேண்டிய கடமையை அது மருத்துவ நிறுவனங்களின் மேல் வைத்திருக்கிறது. ஊழியரின் பயத்தைக் கேட்க ஆள் இல்லாத இடத்தில், அந்தப் பயம் மெல்ல நோயாளியின் மேல் கோபமாக மாறுகிறது. மேலதிகாரியிடம் காட்ட முடியாததைக் கட்டிலில் கிடப்பவரிடம் காட்டுவது மனித இயல்பு.

ஆனால் பயம் மட்டுமே காரணம் என்றால், அறிவு கூடக் கூடப் பயம் குறைந்து, இந்த விசாரணையும் நின்றிருக்க வேண்டும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகியும் நிற்கவில்லை. அதன் வேரைப் பார்க்க 1986-க்குப் போக வேண்டும்.

அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவின் ஆய்வுக்கு ஒரு தலைப்பைச் சொன்னார்: எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் இருக்கிறதா என்று பார்ப்பது. அது மேலைநாட்டு நோய், நம் பண்பாட்டில் அதற்கு இடமில்லை என்று பெரியவர்கள் பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலா, பாலியல் தொழிலுக்காகப் பிடிபட்டுச் சென்னைக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் எடுத்தார். பால்வினை நோய்களுக்கான சோதனை என்றே அந்தப் பெண்கள் எண்ணியிருந்ததாகவும், தாம் தேடுவது எது என்று அவர்களிடம் சொல்லவில்லை என்றும் அவரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதி செய்தது. இந்தியா விழித்துக்கொண்டது அந்த ஆறு பேரின் ரத்தத்தால். ரத்தப் பரிசோதனைக் கூடங்கள், விழிப்புணர்வுத் திட்டங்கள், 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, 1994-இல் நாட்டுக்கே முன்னோடியாக அமைந்த தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் என்று பின்னால் வந்த அனைத்துக்கும் தொடக்கம் அங்கேதான்.

அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்கள், தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகங்களிலிருந்து வெளியே விடப்படவில்லை. வெளியே போனால் பரப்பிவிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்த பிறகு, 1990-இல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. நாட்டுக்கு எச்சரிக்கை தந்தவர்கள் நாட்டுக்கே ஆபத்தானவர்களாக அடைக்கப்பட்டார்கள். இந்தியாவின் எச்.ஐ.வி. சேவை பிறந்த கணத்திலேயே அதற்குள் இரண்டு பட்டியல்கள் இருந்தன: காப்பாற்றப்பட வேண்டியவர்கள், கண்காணிக்கப்பட வேண்டியவர்கள். 'அபாயம் மிகுந்த பிரிவினர்' என்ற அலுவலகத் தொடரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காப்பகம்தான் நினைவுக்கு வருகிறது. தொற்றுக்கு ஆளாகும் அபாயம் தங்களுக்கு இருக்கிறது என்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களால் நமக்கு அபாயம் என்று மட்டும் ஊருக்குச் சொல்லப்பட்டது.

சுனிதி சாலமன் அதோடு நின்றுவிடவில்லை. 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, மற்ற மருத்துவமனைகள் திருப்பி அனுப்பியவர்களுக்குச் சிகிச்சை தந்தார். இதய அறுவை மருத்துவரான அவருடைய கணவரே, இந்த நோயாளிகளோடு அவர் பணிபுரிவதை முதலில் விரும்பவில்லை. பாலியல் தொழிலாளர்கள், போதை ஊசி போடுபவர்கள், தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் என்பதே அந்தத் தயக்கத்துக்குக் காரணம் என்று சுனிதி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நெஞ்சைத் திறந்து இதயத்தைத் தொடுகிற கைக்கு ரத்தம் புதிதில்லை. தயக்கம் ரத்தத்தைப் பற்றியதாக இருந்திருக்க முடியாது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. படித்த, திறமையான, அன்பான மருத்துவர்களிடமும் அந்தத் தயக்கம் இருந்தது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அதே காலத்தில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை எச்.ஐ.வி. நோயாளிகளுக்குத் தன் வார்டுகளைத் திறந்தது. காசநோய்க்காரர்களை ஊர் ஒதுக்கிய நாளில் அவர்களுக்காக எழுந்த பழைய சானடோரியம் அது. அண்டை மாநிலங்களிலிருந்தும் அங்கே வந்து குவிந்தார்கள். மற்ற கதவுகள் மூடியிருந்ததால் ஒரே கதவில் அத்தனை கூட்டம்.

பிறகு நடந்ததை நம் நாடு போதிய அளவு நினைத்துப் பார்ப்பதில்லை. 2003-இல் இந்தியாவில் கண்காணிப்பு ஆய்வுக்கு உட்பட்ட பெண் பாலியல் தொழிலாளர்களில் பத்துக்கு ஒருவர் என்ற அளவில் தொற்று இருந்தது. 2021-இல் அது நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. இலவச ஆணுறையும் பால்வினை நோய்ச் சிகிச்சையும் இதற்குக் காரணம். அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் யார்? பேருந்து நிலையங்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் லாட்ஜ் வாசல்களிலும் நின்று தோழிகளிடம் பேசிய பாலியல் தொழிலாளர்களே. களப்பணியாளர், சக கல்வியாளர் என்ற பெயரில் சொற்பத் தொகைக்கு வேலை செய்த அந்தப் பெண்கள் ஒரு நாட்டின் தொற்றுப் பரவலைத் திருப்பியிருக்கிறார்கள். பரப்புவார்கள் என்று அடைக்கப்பட்ட அதே பிரிவைச் சேர்ந்தவர்கள் பரவலை நிறுத்தும் வேலையைச் செய்தார்கள். மருத்துவமனைக்குள் வரும்போது மட்டும் அவர்கள் இன்னும் 'கேஸ்'களாகவே வந்துபோகிறார்கள்.

"அவங்கதான் வர மாட்டேங்குறாங்க" என்று மருத்துவர்கள் வருத்தத்தோடு சொல்வதுண்டு. களப்பணியாளர் ஒருவரோடு ஒரு திருநங்கை ஓ.பி.க்கு வந்த கதையைக் கேட்டால் அந்த வருத்தத்தின் மறுபக்கம் தெரியும். ஆண்கள் வரிசையா, பெண்கள் வரிசையா என்பதிலேயே முதல் கால் மணி நேரம் போகும். ஆதாரில் உள்ள பழைய ஆண் பெயரைச் சீட்டில் எழுதி, கூட்டத்தின் நடுவே அதையே உரக்கக் கூப்பிடுவார்கள். சேலை கட்டிய ஒருவர் எழுந்து நிற்பார். அத்தனை தலைகளும் திரும்பும். வைத்தியம் தொடங்கும் முன்பே அவருக்கு நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது. அடுத்த முறை அவர் வராவிட்டால், பதிவேட்டில் 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று ஒரு குறிப்பு ஏறும். ஏன் வரவில்லை என்று எழுத அதில் இடமில்லை.

ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களின் கதை இதைவிட ஓசையற்றது. "கல்யாணம் ஆச்சா?" என்பார் மருத்துவர். ஆகிவிட்டது என்றால் மனைவியைப் பற்றியும், ஆகவில்லை என்றால் "வெளியே" போனதைப் பற்றியும் கேட்பார். மூன்றாவதாக ஒரு சாத்தியம் அந்த மேசையில் இல்லை. ஆசனவாயில் புண்ணோடு வந்தவர் மூலத்துக்குக் களிம்பு வாங்கிக்கொண்டு திரும்புகிறார். சிஃபிலிஸ் உள்ளே வளர்கிறது. பால்வினைப் புண் எச்.ஐ.வி. நுழைய வாசலைத் திறந்துவிடும் என்பது அந்த மருத்துவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம், கேட்டால் அவமதிப்பதாக ஆகிவிடுமோ என்ற மரியாதை உணர்வு. 'எப்படி வந்தது' என்று தேவையில்லாத இடங்களிலெல்லாம் கேட்கிற மருத்துவமனை, கேட்டே ஆக வேண்டிய இந்த ஓர் இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது. நோயைத் தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில் பிறந்த கேள்வியாக இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

இந்தக் கூச்சம் எங்கே கற்பிக்கப்படுகிறது? வீட்டில், தெருவில், சினிமாவில் என்று சொல்லலாம். வகுப்பறையிலும்தான். தடயவியல் மருத்துவப் பாடத்தில் தன்பால் உறவுகள் 'இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்கள்' என்ற தலைப்பின் கீழ் பல தலைமுறை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டன. 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கில் இதைக் கவனித்துப் பாடத்திட்டத்தைத் திருத்த வழிவகுத்தார். ஆனால் 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில் அதே பழைய பகுதிகள் மீண்டும் வந்து உட்கார்ந்தன. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். காலையில் ஓர் உறவைக் குற்றப் பட்டியலில் மனப்பாடம் செய்த மாணவர், மாலையில் வார்டில் அந்த உறவுள்ளவரை நோயாளியாக மட்டும் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். குற்றத்தை விசாரிக்கும் குரல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று வியப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொப்பிக் கொள்ளும் தன்பால் உறவைக் குற்றமல்ல என்றது. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 10 அன்று, எச்.ஐ.வி. சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒப்புதலில்லாமல் பரிசோதிக்கக் கூடாது, நிலையை வெளியே சொல்லக் கூடாது, சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று அது சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் சாத்தூரில், அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது வெளியே தெரிந்து தமிழ்நாடே பதறியது. பதற வேண்டியதுதான். மன்னிக்க முடியாத பிழை அது. அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞருக்குத் தம் நிலை தெரியாது. 2016-லேயே அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தும் அது அவரிடம் சொல்லப்படவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தற்செயலாக அறிந்ததும் மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அவர் நஞ்சருந்தினார். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்துபோனார்.

கர்ப்பிணிக்காக எழுந்த குரல்கள் அத்தனையும் நியாயமானவை. அந்த இளைஞருக்காக எழுந்த குரல்கள் மிகக் குறைவு. இருவருமே ஒரே அமைப்பின் ஒரே பிழைக்கு இரையானவர்கள். இருவரிடமும் உண்மை உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. ஆனால் ஒருவரிடம் 'எப்படி வந்தது' என்று கேட்டால் பதில் மருத்துவமனையை நோக்கி விரல் நீட்டும். இன்னொருவரிடம் கேட்டால் பதில் அவரையே நோக்கித் திரும்பும் என்று ஊர் நினைத்தது. அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். இரக்கத்தின் அளவு அங்கேயே தீர்மானமாகிவிட்டது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவாமல் தடுக்கும் சேவையில் எத்தனை அக்கறையோடு நம் செவிலியர்கள் வேலை செய்கிறார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாத்திரை தவறினால் வீடு தேடிப் போகிறார்கள். போனில் கூப்பிட்டு நினைவூட்டுகிறார்கள். அன்பு இல்லாதவர்கள் அல்லர் அவர்கள். அந்த அன்பு யாருக்கு என்பதில்தான் கோடு விழுகிறது. குற்றமற்றவர் என்று நம்பினால் போதும், அதே கைகள் தாயின் கைகளாகிவிடும்.

இதில் ஒழுக்கக் கேள்விக்கு அப்பால் ஓர் உயிரியல் உண்மையும் இருக்கிறது. 2011-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தம்பதிகளில் தொற்றுள்ளவருக்கு முன்கூட்டியே மருந்து தொடங்கினால் துணைவருக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று தெரிந்தது. ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 1763 இணைகள் பங்கேற்ற அந்த ஆய்வில் சென்னையும் ஒரு களம். பின்னர் ஐரோப்பாவில் ஆண் இணைகளிடம் நடந்த ஆய்வு, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிட்டவரிடமிருந்து உடலுறவால் ஒருவருக்குக்கூடப் பரவவில்லை என்று 2019-இல் காட்டியது. அதன் பொருள், தவறாமல் மாத்திரை எடுத்து அந்த நிலையை எட்டியவரிடம் நோய்ப் பரவல் நின்றுவிடுகிறது. எங்கே தொடர்கிறது? கவுண்டரில் பட்ட அவமானத்தால் திரும்பிப் போனவரிடம். 2021-இல் நாட்டின் பொது மக்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர் என்ற அளவில் இருந்த தொற்று, திருநங்கைகளிடம் நூற்றுக்கு நான்கை நெருங்கியது. ஊசியில் போதை மருந்து ஏற்றுபவர்களிடம் நூற்றுக்கு ஒன்பது. அவர்கள் உள்ளே வந்து, உட்கார்ந்து, மாத்திரையோடு வீடு திரும்புவதில்தான் எல்லோருடைய பாதுகாப்பும் இருக்கிறது. குற்றமற்றவர் என்று நாம் இரங்குகிற அந்த மனைவியின், அந்தக் குழந்தையின் பாதுகாப்பும் அதற்குள்தான்.

இனி ஓர் இரவுப் பணியை எண்ணிப் பாருங்கள். ஒரு செவிலியர் அவசரத்தில் ஊசியை மூடப் போய் விரலில் குத்திக்கொள்கிறார். நோயாளியின் கேஸ் ஷீட்டில் அந்தச் சிவப்புக் குறி. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவுகிறார். பிழிந்து ரத்தம் வடிக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னது நினைவிருக்கிறது. பணி மருத்துவரிடம் ஓடுகிறார். இரண்டு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை போட்டால் நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டிவிடக் கூடாது. மாத்திரை வருகிறது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பிறகு குறித்த இடைவெளிகளில் பரிசோதனைகள் முடிய வேண்டும். அதுவரை ஆணுறை, அதுவரை ரத்த தானம் கூடாது. கணவரிடம் எப்படிச் சொல்வது, மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரையை எங்கே வைப்பது, பிள்ளையின் தட்டில் சாப்பிடலாமா என்றெல்லாம் அவருக்குத் தோன்றும். கடைசிக் கேள்விக்கு விடை அவருக்கு நன்றாகவே தெரியும். ஆயினும் அன்றிரவு தோன்றும்.

அவருக்கு நிரப்பும் படிவத்தில் நேரம், குத்தின் ஆழம், ஊசியின் வகை, கையுறை இருந்ததா என்பவை இருக்கும். ஊசியை மூடக் கூடாது என்ற விதியை அவர் மீறித்தான் குத்திக்கொண்டார். அதற்காக மாத்திரை ஒரு நிமிடமும் தாமதிப்பதில்லை. "உன் தப்புதானே" என்று யாரும் பெட்டியைப் பூட்டி வைப்பதில்லை. அவர் யார், எப்படிப்பட்டவர், இதற்குத் தகுதியானவரா என்று ஒருவரும் யோசிப்பதில்லை. ஆபத்து வந்திருக்கிறது, மருந்து இருக்கிறது, கொடு. அவ்வளவுதான். எத்தனை அழகான ஏற்பாடு! மருத்துவம் தன் மக்களைக் காக்க வேண்டி வந்தபோது, எவ்வளவு தெளிவாகவும் கருணையாகவும் சிந்தித்திருக்கிறது!

அவருக்குத் தரப்படும் அந்த மாத்திரை டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே வில்லை. கோடிக் கட்டிலில் கிடப்பவர் தினமும் சாப்பிடுவதும் அதே வில்லைதான். அதே கூட்டு, அதே அளவு. ஒன்று கேள்வி இல்லாமல் கைக்கு வருகிறது, மற்றொன்று விசாரணையைக் கடந்து வருகிறது. மருத்துவர்களும் செவிலியர்களும் புதிதாக ஓர் அறத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது தேவையில்லை என்று இப்போது நினைக்கிறேன். அந்த அறம் அவர்களிடம் முழுதாக இருக்கிறது. அவசரம், மறதி, களைப்பு, விதிமீறல் ஆகியவற்றால் வரும் ஆபத்துக்கும் மருந்து உண்டு என்று தங்களுக்காக அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். உடம்பின் ஆசையாலும் வறுமையாலும் தனிமையாலும் போதையாலும் வரும் ஆபத்து அதிலிருந்து எந்த வகையில் வேறு? ஆபத்தில் சிக்கியவர் ஆபத்தில் சிக்கியதால் மட்டுமே மருந்துக்கு உரியவர் ஆகிறார். அதற்கு மேல் ஒரு தகுதியை நாம் கேட்கத் தொடங்கினால், நம்மில் ஒருவரும் தேற மாட்டோம்.

இதிலிருந்து செய்ய வேண்டியவை தெளிவாகவே வருகின்றன. தொற்றின் வழி ஆலோசகரின் பதிவோடு நிற்கட்டும், மற்ற அறைகளுக்கு அது போக வேண்டாம். கேட்டே ஆக வேண்டிய இடத்தில், பால்வினை நோய்க்கு வருகிற எந்த ஆணிடமும் பெண்ணிடமும், உறவு ஆண்களோடா பெண்களோடா என்று ரத்த அழுத்தத்தைக் கேட்பது போன்ற அதே குரலில் கேட்க மருத்துவ மாணவர்களைப் பழக்கலாம். சீட்டில் சட்டப்பெயர் எதுவாக இருந்தாலும் அழைக்க வேண்டிய பெயருக்கு ஒரு வரி ஒதுக்கலாம். இரவிலும் தடுப்பு மருந்து வார்டிலேயே இருக்க வேண்டும், கையுறை தீரக் கூடாது. இவற்றைச் செவிலியர்களே கோரிக்கையாக வைக்க வேண்டும், சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. மற்றொன்று என் சொந்த ஆசை. எச்.ஐ.வி. பயிற்சி வகுப்புகளை இப்போது வெளியிலிருந்து வரும் வல்லுநர்கள் படக்காட்சிகளோடு நடத்துகிறார்கள். அதில் ஒரு மணி நேரத்தை, ஊசிக்குத்துப் பட்டு 28 நாள் மாத்திரை சாப்பிட்ட ஒரு செவிலியருக்கு, அவர் விரும்பி முன்வந்தால், கொடுக்கலாம். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அதே மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டுவரும் ஒரு களப்பணியாளர் உட்காரட்டும். எந்த நேரத்தில் சாப்பிட்டால் தலைசுற்றல் குறைவு, வீட்டில் எங்கே வைத்தால் கண்ணில் படாது, முடிவு வரும்வரை எப்படித் தூங்குவது என்று அந்தச் செவிலியருக்குச் சொல்லித்தர அவரிடம் நிறைய இருக்கும்.